மூணு மைல்தானே என்கிறார்கள்!



சம்பளம், லீவு, வீடு என்று நாம் பேசாத விஷயமில்லை. இன்றைக்கு ஓர் இரும்புச் சாமானைப் பற்றிப் பேசப் போகிறோம். டிரெய்லர். "அதிலே பேச என்னய்யா இருக்கு? டிராக்டருக்குப் பின்னாலே மாட்டினா வருது, கழட்டினா நிக்குது" என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுக் கொஞ்சம் கேளுங்கள்.

புக்கிட் ரம்பாய் வட்டாரம் எப்படி மாறிப் போயிருக்கிறது என்று இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொழிற்பேட்டை வந்தது, தாமான் வீடுகள் வந்தன, சுங்கை ஊடாங், பாயா ரும்புட், ஆயர் குரோ என்று போகும் பெரிய ரோடு வந்தது. செம்பனை ஒரே காடாக இல்லை. இங்கே கொஞ்சம், ரோட்டைத் தாண்டி அங்கே கொஞ்சம். ஆள் குறைந்துவிட்டது, மிசின் கூடிவிட்டது. குலை ஏற்றும் மினி டிராக்டர், புல் வெட்டும் மிசின், மலாய்க் கதையில் வரும் பலசாலியின் பெயரை வைத்துப் 'படாங்' என்று கூப்பிடுகிறோமே அந்த மூணு சக்கர வண்டி, இவையெல்லாம் ஒரு துண்டு நிலத்தில் வேலை முடிந்ததும் அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். காட்டுக்குள் ஓடப் பிறந்த வண்டிகள் இவை. கண்டெய்னர் லோரி பறக்கிற ரோட்டில் இவற்றை ஓட்டிக்கொண்டு போக முடியாது. ஆகவே டிரெய்லரில் ஏற்றி, போர்வீல் வண்டியிலோ பெரிய டிராக்டரிலோ மாட்டி இழுக்கிறார்கள்.

அங்கேதான் வருகிறது அந்த வார்த்தை. "மூணு மைல்தானே தம்பி, ஒரு கயித்தைப் போட்டு இழுத்துக்கிட்டுப் போ!"

சொல்பவர் மண்டோராக இருக்கலாம், காண்டிராக்டராக இருக்கலாம். அவரைத் திட்டுவதற்காக நாம் எழுதவில்லை. அவருக்கும் மேலே ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஆனால் அந்த மூணு மைலில் உயிரைப் பணயம் வைப்பவர் யார்? இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன், அவன் பக்கத்தில் மொழி தெரியாத வங்காளதேசத் தொழிலாளி ஒருவர். எந்த டிரெய்லர், எவ்வளவு பாரம், என்ன சங்கிலி என்று ஆபிசில் யாரும் எழுதி வைப்பதில்லை. கவிழ்ந்த பிறகு மட்டும் "டிரைவர் கவனக்குறைவு" என்று எழுத நோட்டுப் புத்தகம் கிடைத்துவிடுகிறது.

முதலில் டிரெய்லரைப் பார்ப்போம். ஒழுங்கான டிரெய்லரில் ஒரு தகடு இருக்கும். சுமையோடு சேர்த்து மொத்தம் எத்தனை கிலோ தாங்கும் என்று அதில் அடித்திருக்கும். நம்மில் பலர் செய்கிற தவறு, அந்த எண்ணை அப்படியே சுமை என்று எடுத்துக்கொள்வது. டிரெய்லரின் சொந்த எடையை அதில் கழிக்க வேண்டும். தகட்டில் 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வெறும் டிரெய்லர் 600 கிலோ. மீதி 1,400. மினி டிராக்டரின் எடை புத்தகத்தில் 1,200 என்று இருக்கிறது. ஆபிசில் கணக்குப் பார்த்தவர் "இன்னும் 200 கிலோ மிச்சம் இருக்கே" என்பார்.

அவர் பார்க்காத கணக்கு வேறு. காட்டில் சறுக்காமல் இருக்க டிராக்டரின் பின் டயரில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறோம். இரண்டு டயரிலும் சேர்த்து 150 லிட்டர் என்றால் 150 கிலோ. பின்னால் மாட்டிய புல் வெட்டும் கருவி ஒரு 200 கிலோ. "போற வண்டிதானே, இதையும் போடு" என்று ஏற்றிய 200 லிட்டர் டீசல் பீப்பாய், டீசல் மட்டுமே 170 கிலோ கிட்ட வரும். கூட்டிப் பாருங்கள்: 1,720. தாங்கக்கூடியதைவிட 320 கிலோ அதிகம். டயரில் ஒட்டிய சேற்றை நாம் சேர்க்கவேயில்லை. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் படித்த கூட்டல் கழித்தல்தான் இது. துரைக்கு மட்டும் சொந்தமான கணக்கு அல்ல.

குலை ஏற்றும் டிரெய்லரில் மிசினை ஏற்றுவது இன்னொரு கேடு. குலை குவியலாக உட்கார்ந்துகொள்ளும், உருண்டாலும் கொஞ்சம் உருளும். மிசின் நாலு சக்கரத்தின் மேல் நிற்கிறது. அதன் பாரம் முழுவதும் நாலு இடத்தில் இறங்குகிறது. துருப்பிடித்த தகடு அந்த இடத்தில் பொத்துக்கொள்ளும். தளம் உயரமாக இருப்பதால் வளைவில் சாய்வதும் எளிது. மிசின் ஏற்றுவதற்குத் தளம் தாழ்ந்த, அகலமான, இரண்டு அச்சு உள்ள, கட்டுவதற்கு வளையம் வைத்த டிரெய்லர் வேண்டும். பிரேக் வேண்டும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அந்த ஊர் ரோட்டில் மட்டும்தான் பாரம் தள்ளுமா? நம் ஊர் இறக்கத்தில் தள்ளாதா?

டயரையும் பாருங்கள். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட வெயிலில் நின்று கெடுவதுதான் அதிகம். பட்டன் நன்றாக இருக்கும், பக்கவாட்டில் வெடிப்பு வெடிப்பாக இருக்கும். "புது டயரு மாதிரி இருக்கே அண்ணே" என்பார்கள். பாரம் ஏறினால்தான் அதன் வயசு தெரியும்.

ஏற்றுகிற வேலைக்கு வருவோம். ரப்பர் காலத்தில் காண்டா கம்பில் பால் வாளி தூக்கிய பெரியவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். முன் வாளியும் பின் வாளியும் ஒத்து இல்லாவிட்டால் தோளே சொல்லிவிடும். 1896-ல் தான் சே யான் இதே மலாக்காவில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வியாபாரப் பயிராக நட்ட நாளிலிருந்து, இந்த மண்ணில் எதைத் தூக்கினாலும் தூக்கியது நம் ஜனங்களின் தோள்தானே! டிரெய்லரின் அச்சுதான் தோள். முன்னால் மாட்டும் கொக்கிதான் கம்பைப் பிடித்திருக்கும் கை. பின் பக்கம் பாரம் அதிகமானால் முன் பக்கம் மேலே எழும்பும், கைக்குப் பிடிமானம் போய்விடும். ரோட்டில் டிரெய்லர் பாம்பு மாதிரி இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பிப்பது இதனால்தான். ஆகவே பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். போர்வீல் வண்டியில் இழுக்கும்போது மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அல்லது சற்றுக் கூட, கொக்கியில் இறங்குவது நல்லது என்பது பொதுக்கணக்கு. அளவுக்கு மேல் முன்னால் தள்ளினாலும் ஆபத்து. இழுக்கும் வண்டியின் பின் பக்கம் அமுங்கி, முன் சக்கரம் ரோட்டை விட்டு லேசாகிவிடும், ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது. வண்டியின் புத்தகத்தில் கொக்கிக்கு எவ்வளவு தாங்கும் என்று போட்டிருக்கும். அதற்கு மேல் போகவே கூடாது.

ஏற்றுமுன் டிரெய்லர் வண்டியில் மாட்டியிருக்க வேண்டும். நிலம் சமமாக இருக்க வேண்டும். இழுக்கும் வண்டிக்கு ஹேன்பிரேக், சக்கரத்துக்குக் கட்டை. டிரெய்லரின் பின் மூலையில் முட்டுக் கொடுக்க வேண்டும். மிசின் பலகையில் ஏறும் நேரத்தில் பாரம் முழுவதும் பின் நுனியில் இருக்கும். முட்டு இல்லாவிட்டால் அது தாழும், முன் பக்கம் தூக்கும், மாட்டியிருக்கும் வண்டியின் பின் சக்கரத்தையே தரையிலிருந்து கிளப்பிவிடும். பின் சக்கரம் கிளம்பிவிட்டால் ஹேன்பிரேக் எதைப் பிடிக்கும்?

ஏற்றுப் பலகைக்குப் பழைய லயத்து வீட்டின் உத்தரக் கட்டையை எடுத்து வருகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. மழை பெய்த காலையில் சேறும் பழ எண்ணெயும் ஒட்டிய டயர் அந்தக் கட்டையில் ஏறினால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டுமா! பல் வைத்த இரும்புப் பலகை வேண்டும், நீளமாக வேண்டும், டிரெய்லரோடு ஆணி போட்டு மாட்டியிருக்க வேண்டும். குட்டைப் பலகை என்றால் ஏற்றம் செங்குத்தாகிவிடும். டிராக்டருக்குப் பின் பக்கம்தான் பாரம். முன் பக்கமாகச் செங்குத்தில் ஏற்றினால் மூக்கு மேலே எழும்பி, ஓட்டுகிறவன் மேலேயே மல்லாந்து விழும். கண்ணிமைக்கும் நேரம் போதும். பின்பக்கமாக, மெதுவாக, ஒரே கியரில், பாதியில் கிளட்ச் மிதிக்காமல் ஏற்றுவதே மேல். பலகைக்குப் பின்னாலும் பக்கத்திலும் ஒரு ஆளும் நிற்கக் கூடாது. "தள்ளி விடறேன் அண்ணே" என்று தோள் கொடுக்க வருகிற பையனைத்தான் முதலில் விரட்ட வேண்டும். ஒன்றேகால் டன் இரும்பு பின்னால் வந்தால் மனிதத் தோள் என்ன செய்யும்?

சுவீடன் நாட்டில் 1959-லேயே புது டிராக்டர் எல்லாவற்றுக்கும் கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டம் கட்டாயம் என்று ஆக்கினார்கள். அதற்குப் பிறகு கவிழ்ந்து சாகிறவர் தொகை மளமளவென்று குறைந்தது. இங்கே சில இடங்களில் கிளை தட்டுகிறது என்று அந்தச் சட்டத்தை அறுத்து எடுத்துவிடுகிறார்கள். அறுத்தது யார் என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் எல்லாரும் வானத்தைப் பார்க்கிறார்கள்.

கட்டுவது பற்றி ஒரு வார்த்தை. நாலு மூலைக்கு நாலு கட்டு. நைலான் கயிறு புல் கட்டுவதற்கு. மிசினுக்குச் சங்கிலியும் இறுக்கியும், அல்லது எடை எழுதிய பெல்ட்டும் வேண்டும். அச்சிலோ சட்டத்திலோ கட்ட வேண்டும், ஸ்டியரிங் கம்பியில் கட்டக் கூடாது. பின்னால் தொங்கும் கருவியைத் தளத்தில் இறக்கி வைத்துத் தனியாக ஒரு கட்டு. கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி இறங்கித் திரும்ப இறுக்க வேண்டும், குலுங்கக் குலுங்கத் தளரும். வண்டிக்கும் டிரெய்லருக்கும் இடையில் காவல் சங்கிலி தனியாக இருக்க வேண்டும். கொக்கி ஆணிக்குப் பதில் கிடைத்த போல்ட்டைச் சொருகிக்கொண்டு ஓடும் டிராக்டர்களை நாம் எத்தனையோ தோட்டங்களில் பார்த்திருக்கிறோம்.

ரோட்டில் போகும்போது டிராக்டர் டிரைவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. வலது சக்கரத்துக்கு ஒன்று, இடது சக்கரத்துக்கு ஒன்று என்று டிராக்டரில் பிரேக் மிதி இரண்டு. காட்டில் சட்டென்று திரும்ப ஒன்றை மட்டும் மிதிப்போம். ரோட்டுக்கு வந்ததும் இரண்டையும் கொக்கி போட்டு ஒன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் அவசரத்தில் ஒன்றை மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கம் திரும்பும், டிரெய்லர் நேரே தள்ளும், இரண்டும் கத்தி மடிகிற மாதிரி மடிந்துகொள்ளும். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்கக் கியரை எடுத்துவிட்டு உருளவிடுவது இன்னொரு கெட்ட பழக்கம். இறக்கம் தொடங்குமுன் சின்ன கியருக்கு வந்துவிட வேண்டும், பாதியில் மாற்றப் போனால் கியர் விழாது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நாலு மடங்கு. டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதே, ஸ்டியரிங்கை ஒடிக்காதே, எண்ணெயிலிருந்து காலை எடுத்து நேராகப் பிடி. இழுப்பதற்குத் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியில்தான் மாட்ட வேண்டும். மேலே கையெட்டும் இடத்தில் சங்கிலியைச் சுற்றி இழுத்தால் டிராக்டர் பின்பக்கமாக மல்லாந்துவிடும்.

நம் பசங்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். காடி லைசன் இருந்தால் எல்லாம் ஓட்டலாம் என்று நினைக்கிறார்கள். டிராக்டருக்கு எஃப் வகுப்பு லைசன் தனியாக உண்டு. முந்திய ராத்திரி குடித்த மயக்கம் தெளியாமல் காலையில் ஸ்டியரிங் பிடிப்பதை வீரம் என்று யாரும் மெச்ச வேண்டாம். அவன் பெண்சாதி பிள்ளைகள் மெச்ச மாட்டார்கள்.

ஆனாலும் நோயின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. இத்தனை விவரமும் பாதி டிரைவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் கட்டுவதில்லை? ஒழுங்காக ஏற்றி, நாலு பக்கம் கட்டி, டயர் பார்த்து, இறக்கும் இடத்தில் அவிழ்த்து இறக்க ஒரு மணி நேரம் ஓடிவிடும். டன் கணக்கிலும் நடைக் கணக்கிலும் கூலி வாங்குகிறவனுக்கு அந்த ஒரு மணி நேரத்துக்குக் காசு இல்லை. அந்த நேரத்தில் குலை ஏற்றியிருந்தால் அவனுக்கு வெள்ளி. கட்டாமல் போகிறவனுக்குக் கூலி, கட்டிக்கொண்டு போகிறவனுக்கு நஷ்டம் என்று சம்பளச் சீட்டே சொல்லிக்கொடுக்கும்போது, சுவரில் ஒட்டிய 'பாதுகாப்பே முதல்' நோட்டிஸ் என்ன செய்யும்? மிசினை இடம் மாற்றும் நேரத்துக்குத் தனிக்கூலி வேண்டும். மற்ற கோரிக்கைகளையெல்லாம்விட இதைத்தான் நாம் முதலில் வைக்கிறோம். நிர்வாகத்துக்கு இது பெரிய செலவும் இல்லை. ஒரு மிசின் ஒரு முறை கவிழ்ந்தால் ஆகும் ரிப்பேர்ச் செலவில் எத்தனையோ மணி நேரக் கூலியைக் கொடுத்துவிடலாம்.

இன்னொன்று, டிரெய்லரில் மனிதர்கள் ஏறுவது. மிசினைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் பக்கத்தில் நிற்பது கூடவே கூடாது. சங்கிலி பிடிக்காததையா கை பிடிக்கப் போகிறது? வெறும் டிரெய்லரில் வேலைக்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போவதும் நமக்குப் பழகிப் போன ஒன்று. இந்தியாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2022 அக்டோபர் 1-ம் தேதி கான்பூர் பக்கத்தில் கோயிலுக்குப் போய்த் திரும்பிய ஜனங்களோடு டிராக்டர் டிரெய்லர் குட்டையில் கவிழ்ந்தது. செத்தவர்கள் இருபதுக்கும் மேல், பலர் பெண்களும் பிள்ளைகளும். 2025 ஏப்ரலில் மராட்டியத்து நாந்தேட் பக்கத்தில் வயல் வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போன டிராக்டர் டிரெய்லரோடு கிணற்றில் விழுந்து, கூலிவேலைக்குப் போன ஏழு பெண்கள் மாண்டார்கள். காலையில் சோற்று டப்பாவோடு கிளம்பிய நம் வீட்டுப் பெண்கள் மாதிரிப் பெண்கள்தான் அவர்களும்.

"எல்லாம் சரி, முடியாதுன்னு சொன்னா நாளைக்கு வேலை இருக்குமா?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மேலே எழுதியதெல்லாம் வெறும் உபதேசம்.

பதில் இருக்கிறது. 1994-ம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டத்தை 2022-ல் திருத்தினார்கள். திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் 26ஏ என்று ஒரு பிரிவு. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடமோ அவருடைய ஆளிடமோ சொல்லியும் அவர் ஆபத்தை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையை விட்டு விலகி நிற்கலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் சொல்ல வேண்டும், பிறகுதான் விலக வேண்டும். சொல்லாமல் டிராக்டரை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனால் அதை வேறு மாதிரி எழுதிவிடுவார்கள். "இந்த டிரெய்லருக்குப் பிரேக் இல்லை, ஏற்ற முடியாது" என்று மண்டோரிடம் இரண்டு பேர் முன்னிலையில் சொல்லுங்கள். கைப்பேசியில் படம் எடுங்கள். மணி, தேதி போட்டு ஆபிசுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். தோட்டக் கமிட்டிக்கும் அனுப்புங்கள். தொழிலாளிகளின் பாதுகாப்பைக் கவனிக்கத் தவறிய முதலாளிக்கு முன்பு அதிகபட்ச அபராதம் 50,000 வெள்ளி. இப்போது 5 லட்சம் வெள்ளி. இந்தத் தொகையை மரியாதையாக நினைவுபடுத்தினால் பல துரைமார்களுக்கு டிரெய்லரின் பிரேக் ஞாபகம் வந்துவிடும்.

நாற்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் கமிட்டி இருக்க வேண்டும் என்பதும் சட்டம். ஐந்து பேருக்குக் கீழ்ப்போகாத இடத்தில் பாதுகாப்பு வேலையைக் கவனிக்க ஒருவரைப் போட வேண்டும். நாலு டிராக்டர் வைத்திருக்கும் சின்ன காண்டிராக்டர்களில் பலர் இதற்குள் வந்துவிடுவார்கள். "நான் தோட்டம் இல்லே, வெறும் காண்டிராக்" என்று நழுவ முடியாது.

வெளிநாட்டுத் தோழர்களை மறந்துவிடாதீர்கள். டிரெய்லரின் பின்னால் நின்று கட்டை வைப்பது பெரும்பாலும் அவர்கள்தான். 2019 ஜனவரி 1 முதல் அவர்களும் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரியாது. சொல்ல வேண்டியது பக்கத்தில் நிற்கும் நாம். மொழி தெரியாவிட்டால் கையைக் காட்டியாவது "பின்னாலே நிக்காதே" என்று இழுத்துவிடுங்கள்.

யாருக்காவது அடிபட்டால், முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். "சின்னக் காயம், கிளினிக்கில் காட்டிக்க, நான் காசு குடுத்துடறேன்" என்று கையில் ஐம்பது வெள்ளியைத் திணித்தால் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள். இன்றைக்குச் சின்னக் காயம், ஆறு மாதத்தில் இடுப்பு நிமிராது. அப்போது எந்தத் தாளைக் காட்டுவீர்கள்? கிளினிக் சீட்டு, விபத்து நடந்த இடம், மணி, பார்த்தவர் பெயர், டிரெய்லரின் எண், எல்லாவற்றையும் வீட்டுப் பெண்கள் ஒரு பையில் போட்டு வைக்க வேண்டும். ஆண்கள் தொலைத்துவிடுகிறார்கள்.

மூணு மைலா முப்பது மைலா என்று பார்க்காமல், தகடு, பிரேக், ஏற்றுப் பலகை, நாலு சங்கிலி, பயிற்சி பெற்ற டிரைவர், கட்டும் நேரத்துக்குக் கூலி என்று இந்தக் கோரிக்கைகளை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நாளைக்குப் பெரட்டு முடிந்ததும் உங்கள் ஸ்டோர் பக்கம் நிற்கும் டிரெய்லர்களைப் போய்ப் பாருங்கள். எத்தனை டிரெய்லர், எத்தனையில் தகடு இருக்கிறது, எத்தனையில் பிரேக் பிடிக்கிறது, எது எதில் போல்ட்டைச் சொருகி ஓட்டுகிறார்கள் என்று ஒரு தாளில் குறித்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் தோட்டக் கமிட்டிச் செயலாளரிடம் கொடுங்கள். கையெழுத்துப் போடப் பயமாக இருந்தால் பெயர் இல்லாமலேயே கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.